ஷேக்-ஹார்ட்மன் சென்சார்ல ஒளிச்சுழல் தேடுறது: மூணு வருஷ அனுபவம்

மூணு வருஷமா ஒரே ஷேக்-ஹார்ட்மன் சென்சாரை (லென்ஸ்லெட்ங்கிற குட்டி லென்ஸ் வரிசையை வச்சு ஒளி அலை எங்கெங்க எவ்வளவு சாய்ஞ்சிருக்குன்னு அளக்குற கருவி) வச்சு லேசர் பீம்ல வோர்டெக்ஸ், அதாவது ஒளி அலை முறுக்கிக்கிட்டு நடுவுல இருட்டாகுற ஒளிச்சுழல், எங்க இருக்குன்னு தேடிட்டு இருக்கேன், லென்ஸ்லெட் பிட்ச் (பக்கத்துப் பக்கத்து லென்ஸ்லெட் மையங்களோட இடைவெளி) 150 மைக்ரான், லேசர் வழக்கமான 632.8 நானோமீட்டர் ஹீலியம்-நியான். வாங்கலாமா வேணாமான்னு யோசிக்கிறவங்களுக்கு முதல்லயே சொல்லிடுறேன், சென்சார் அருமை, ஆனா கூட வர்ற சாஃப்ட்வேர் வரைஞ்சு காட்டுற வேவ்ஃப்ரன்ட் (ஒளி அலையோட முகப்பு) படத்தை மட்டும் இந்த வேலைக்கு நம்பாதீங்க.

முதல் ரெண்டு வாரம் அந்தப் படத்தைத்தான் பாத்துட்டு உக்காந்திருந்தேன். ஸ்பைரல் ஃபேஸ் பிளேட் (பீம்ல வோர்டெக்ஸை உருவாக்குற தட்டு) போட்டாச்சு, கேமராவுல நடுவுல கருப்பா ஓட்டை விழுந்த வளையம் பளிச்சுன்னு தெரியுது, சாஃப்ட்வேர்ல வேவ்ஃப்ரன்ட் தட்டையா கிடக்குது. சென்சாரே போச்சுன்னு நினைச்சேன். விஷயம் என்னன்னா அது லீஸ்ட்-ஸ்கொயர்ஸ் முறையில ஸ்லோப்பை (ஒவ்வொரு லென்ஸ்லெட்டும் அளக்குற சாய்வை) எல்லாம் ஒட்டி ஒரே பரப்பா ஆக்குது, வோர்டெக்ஸ்ல ஃபேஸ் (அலையோட கட்டம்) சுழல் படிக்கட்டு மாதிரி, ஒரு சுத்து வந்தா கிளம்பின இடத்துலயே 2π மேல ஏறி நிக்கும், அதை வெட்டு இல்லாத ஒரு பரப்பா எழுதவே முடியாது, அதனால அந்தச் சுழற்சி முழுசும் கணக்குல வடிஞ்சு போயிடுது. ஒளியியல் ஆய்வாளர் டேவிட் ஃப்ரீட் 1998ல இதை 'மறைஞ்ச ஃபேஸ்'னே சொன்னார்.

ஸ்லோப் டேட்டாவுல அது பத்திரமா இருக்கு. பக்கத்துப் பக்கத்து நாலு லென்ஸ்லெட்டை எடுத்து ஸ்லோப்பை வட்டமா கூட்டிட்டு வரணும், வோர்டெக்ஸ் இல்லேன்னா பூஜ்யம், இருந்தா 2π, அதாவது 6.28 ரேடியன். புத்தகத்துல அப்படித்தான். நான் பாதி அளவா 3ன்னு எல்லை வச்சு ஓட்டினேன். மைக்ரோமீட்டரைத் திருகத் திருக வோர்டெக்ஸ் தெரியுது, மறையுது, மறுபடி தெரியுது! பீம் அசையாம இருக்க, பிளேட்டை மட்டும்தான் நகத்துறேன். கடைசியில பேப்பர்ல கணக்குப் போட்டப்புறம்தான் புரிஞ்சுது. ஒவ்வொரு லென்ஸ்லெட்டும் தன் பரப்பு முழுசுக்கும் சராசரி ஸ்லோப்பைத்தான் குடுக்கும், வெளிச்சம் சீரா இருக்குன்னு வச்சுக்கிட்டா வோர்டெக்ஸ் நாலு லென்ஸ்லெட் சேர்ற மூலையில இருக்கும்போது கூட்டினா சுமார் 4.5 வரும், அதுவே ஒரு லென்ஸ்லெட்டோட நட்ட நடுவுல உக்காந்தா அந்த லென்ஸ்லெட் பூஜ்யம் காட்டும், அதைச் சேத்துக்கிற நாலு-லென்ஸ்லெட் வளையம் நாலும் ஆளுக்கு 1.5ன்னு பங்கு போட்டுக்கும், என் எல்லைக்குக் கீழ போயிடும். இப்போ மூணுக்கு மூணு எடுத்து வெளிப்பக்கம் எட்டு லென்ஸ்லெட்ல சுத்தி வரேன், நடுவுல இருந்தாலும் கிட்டத்தட்ட 6 வருது. இருக்குன்னு தெரிஞ்சப்புறம் அந்தச் சின்ன வளைய மதிப்புகளை எடையா வச்சு மையம் கண்டுபிடிச்சா இடம் லென்ஸ்லெட் அகலத்தை விட நுணுக்கமா கிடைக்குது. இதைத் தெரிஞ்சுக்க எனக்கு அஞ்சு மாசம் ஆச்சு, நீங்க அவ்வளவு நாள் வீணாக்க வேணாம்.

இன்னொண்ணு, வோர்டெக்ஸ் நடுவுல இருட்டு, அங்க விழுற ஸ்பாட் மங்கலா இருக்கும், சென்ட்ராய்டு (ஸ்பாட்டோட மையம்) ஆடும். பேக்ரவுண்டைக் கழிக்காம விட்டா அங்கதான் தப்பு வரும். அப்புறம் பிரதிபலிக்கிற கண்ணாடி (மிரர்). பாதையில ஒரு கண்ணாடி கூடினாலே சார்ஜோட (ஒரு சுத்துல ஃபேஸ் எத்தனை 2π ஏறுதுங்கிற எண்) பிளஸ் மைனஸ் மாறிடும், எண்ணி எழுதி வச்சுக்கோங்க.

எனக்கு ரொம்பப் பிடிச்ச காட்சி சார்ஜ் 2 பிளேட் போட்டப்போ வந்தது. ஒரே இடத்துல ரெட்டைச் சுழல் இருக்கும்னு பாத்தா கொஞ்சம் தள்ளித் தள்ளி ரெண்டு தனிச்சுழல், லேசான அபரேஷனே (ஒளிப்பாதையில வர்ற அலைக்கோணல்) அதைப் பிரிச்சு விட்டுடுது, கேமராவுல அது ஒரே ஓட்டையாத்தான் தெரிஞ்சுது.

குறைன்னா ஒண்ணு உண்டு. டர்புலன்ஸ்ல (காத்தோட கொந்தளிப்புல) எதிரெதிர் சுழல் ஜோடியாப் பிறக்கும், ஜோடி ஒரே லென்ஸ்லெட்டுக்குள்ள இருந்தா கூட்டல்ல ஒண்ணை ஒண்ணு அடிச்சுடும், ஒண்ணுமே தெரியாது. அதுக்காக டெலஸ்கோப் வச்சு பீமை ரெண்டு மடங்கு பெருசாக்கி விடுறேன், பாதி ஜோடியாவது பிரிஞ்சு தெரியுது, பதிலுக்கு லென்ஸ்லெட்டுக்கு வர்ற வெளிச்சம் நாலுல ஒண்ணாயிடும், எக்ஸ்போஷரை நாலு மடங்கு ஏத்தணும், அதுக்குள்ள காத்துல சுழல் நகர்ந்துடாம இருக்கணும்.