குன்னூர்க் குளிருக்கு வீட்டில் தைத்த ஐம்பதுகளின் கவுனும் கோட்டும்

இடுப்பில் சிக்கென்று பிடித்து, கீழே குடையாக விரியும் கவுன். ஜோடியாக இடுப்போடு நிற்கும் குட்டைக் கோட். 1947-இல் பாரிஸில் கிறிஸ்டியான் டியோர் கொண்டுவந்த வெட்டின் வழியில் ஐம்பதுகளில் பரவிய பாணி இது. வீட்டுக் கால் மெஷினில் தைத்து, சில வருஷமாகக் குன்னூரில் உடுத்திவருகிறேன். காலையில் கோட் வேண்டும், பதினொரு மணி வெயிலில் கழற்ற வேண்டும், மாலையில் மூடுபனி ஏறியதும் மறுபடி மாட்ட வேண்டும். இந்த ஊருக்கு இதைவிடத் தோதான உடுப்பு இல்லை.

ஜோடி என்றதும் ஒரே துணியில் தைக்கத்தான் தோன்றும். வேண்டாம். கவுன் அடிக்கடி துவைபடும், கோட் எப்போதாவதுதான். சீக்கிரமே இரண்டும் இரண்டு நிறமாகிவிடும். கவுனைப் பூப்போட்ட காட்டனிலும் கோட்டைக் கரும்பச்சைக் கம்பளித் துணியிலும் தைத்து, கவுன் துணியையே கோட்டுக்கு லைனிங் கொடுத்தேன். அந்தக் காலத்திலும் இப்படித் தைத்திருக்கிறார்கள். கோட்டைத் திறந்தால் உள்ளே அதே பூ. கவுன் கொஞ்சம் வெளுத்த பிறகும் ஜோடி கெடவில்லை. கைக்கு மட்டும் வழுக்கும் சாட்டின் லைனிங் போடுங்கள். காட்டன்மேல் காட்டன் ஒட்டிக்கொண்டு, கோட்டை மாட்டும்போது கவுனின் கை சுருண்டு மேலே ஏறிவிடும். அப்புறம், வெட்டும் முன்பே காட்டனை நனைத்துக் காயவைத்து, கம்பளியை ஈரத்துணி போட்டு இஸ்திரி செய்துவிட வேண்டும். சுருங்குவது அப்போதே சுருங்கட்டும்.

முழு வட்டப் பாவாடைக்குக் கணக்கு எளிது. இடுப்பளவை 6.28-ஆல் வகுத்தால் நடு வட்டத்தின் ஆரம் வரும். 30 அங்குல இடுப்புக்கு ஏறக்குறைய 4¾ அங்குலம். நீளம் 27 அங்குலம் என்றால், 44 அங்குல அகலத் துணியில் பாவாடைக்கு மட்டும் 3.5 மீட்டர் பிடிக்கும். வட்டத்தில் சில இடங்கள் இழைக்கு மூலைவாட்டில் விழுவதால், துணி தன் பாரத்திலேயே தொங்கி நீளும். ரெண்டு மூணு நாள் ஹேங்கரில் தொங்கவிட்டு, உடுத்தி நின்று, தரையிலிருந்து இன்னொருவரை ஸ்கேலால் அளக்கச் சொல்லி, அப்புறம் ஹெம்மிங் செய்யுங்கள். என் கவுனின் விளிம்பு இன்றும் ஒரே மட்டமாக நிற்கிறது.

காலர் விறைப்பாக நிற்க உள்ளே வைக்கும் கேன்வாஸில், இஸ்திரியில் ஒட்டும் வகை வேண்டாம். கடையில் வாங்கிய பழைய கோட் ஒன்றில் அது கொப்புளம் கொப்புளமாக எழும்பிவிட்டது. கையால் தைத்துப் பிடித்த கேன்வாஸ் இந்தக் கோட்டில் அசையவே இல்லை. பக்கத் தையலில் உள்ளே ஒரு அங்குலம் விட்டது பெரிய உபகாரம். உடம்பு பூசியபோது பிரித்துவிட்டுக்கொண்டேன்.

அக்டோபர், நவம்பர் மழையில் பிளாஸ்டிக் கவருக்குள் வைத்தால் பூஞ்சணம் நிச்சயம். பழைய வேட்டியில் சுற்றி வைத்து, வெயில் கண்ட அன்றைக்கெல்லாம் லைனிங்கை வெளிப்பக்கமாகத் திருப்பிக் காயப்போடுகிறேன். கொக்கி பித்தளையில் இருக்கட்டும். இரும்பு துருவேறி, துணியில் கறை விடும்.

குறை ஒன்று உண்டு. ஐம்பதுகளின் வெட்டு உடம்போடு ஒட்டியது, உள்ளே ஸ்வெட்டர் நுழையாது. டிசம்பர், ஜனவரியில் மேலே சால்வை போர்த்தித்தான் ஆக வேண்டும். அடுத்த கோட்டுக்குக் கோயம்புத்தூரிலிருந்து கார்டுராய் எடுத்து வந்திருக்கிறேன். அதில் கைவளைவை அரை அங்குலம் இறக்கி வெட்டுவதாக இருக்கிறேன்.