பல் வெண்மை: பேஸ்ட், பட்டை, ட்ரே, கிளினிக். நீலகிரியில் எதற்குக் காசு கொடுக்கலாம்?

பல்லை வெளுக்கும் பிளீச்சிங்குக்குப் பணம் கட்டும் முன், காரையைச் சுரண்டி எடுக்கும் ஸ்கேலிங் செய்துகொண்டு கண்ணாடியைப் பாருங்கள். ஊட்டி, குன்னூர், கோத்தகிரிக் குளிரில் எழுந்ததும் ஒன்று, பதினோரு மணிக்கு ஒன்று, சாயங்காலம் வர்க்கியோடு ஒன்று என்று டீ ஓடிக்கொண்டே இருக்கும். அதிலுள்ள டானின் பல்லின் மேலிருக்கும் எச்சில் படலத்தில் ஏறி, காரையோடு சேர்ந்து பழுப்பாக இறுகிவிடும். கீழ்வரிசை முன்பற்களின் உட்பக்கமும் பல்லிடுக்கும் மட்டும் கறுத்திருந்தால் பெரும்பாலும் அது மேற்கறைதான். அல்ட்ராசானிக் ஸ்கேலரும் பாலிஷும் சேர்ந்து எடுத்துவிடும். காரை இருக்கும் இடத்தில் எந்த ஜெல்லைத் தடவினாலும் அது பல்லைத் தொடாது.

கிளீனிங் முடிந்த பிறகும் பல் முழுக்க மஞ்சளாக இருந்தால் அது பல்லின் வெளி ஓடான எனாமலுக்கு அடியிலுள்ள டென்டினின் நிறம். வயதாக ஆக இது கூடும். பல்லை வெளுக்கும் பெராக்சைடுக்கு வேலை இங்கேதான்.

பெரும்பாலான வெண்மை பேஸ்ட்டுகள் செய்வது தேய்ப்பு வேலைதான். மேற்கறை திரும்ப ஏறாமல் வைத்திருக்க உதவும், டென்டின் மஞ்சளைத் தொடாது. ஊதா நிற பேஸ்ட் மஞ்சளைக் கண்ணுக்கு மறைக்கிறது. சில மணி நேரத்தில் கழுவிப்போகும். கரி பேஸ்ட்டுக்கும் பழைய உமிக்கரிக்கும் எங்கள் பரிந்துரை கிடையாது. அழுத்தித் தேய்த்தால் ஈறோரம் பள்ளம் விழும், பிறகு அதை அடைக்கத் தனிச் செலவு. எலுமிச்சைச் சாறு இன்னும் மோசம்: எனாமல் பிஎச் 5.5-க்குக் கீழே கரையத் தொடங்கும், எலுமிச்சையின் பிஎச் சுமார் 2.

ஆன்லைனில் வாங்கிப் பல்லில் ஒட்டும் பட்டைகளில் ஹைட்ரஜன் பெராக்சைடு இருந்தால் வேலை நடக்கும். பல பிராண்டுகளில் தினம் அரைமணி நேரம், இரண்டு வாரம். ஆனால் கோணலான பல்லில் பட்டை ஒட்டாது, இடுக்குகள் மஞ்சளாகவே நிற்கும். டப்பாவில் பெராக்சைடு எத்தனை சதவீதம் என்று எழுதாததை வாங்காதீர்கள். கூடவே வரும் நீல எல்இடி விளக்கு தனியாக எதையும் வெளுக்காது.

நாங்கள் முதலிடம் கொடுப்பது டாக்டர் செய்து தரும் ட்ரேவுக்கு, அதாவது ஜெல் வைத்துப் பல்வரிசையில் மாட்டும் உறைக்கு. 1989-இல் ஹேவுட், ஹைமன் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர்கள் எழுதிய முறை, இன்றும் அதே அடிப்படைதான். அல்ஜினேட் என்ற அச்சுப் பசையில் அச்சு எடுத்து, பிளாஸ்டர் மாடல் வார்த்து, சுமார் 1 மி.மீ. மெல்லிய பிளாஸ்டிக் தகட்டைச் சூடாக்கி அதன்மேல் உறிஞ்சிப் படியவைத்து, ஈறோரமாக வெட்டுவார்கள். வாங்கும்போதே போட்டுப் பாருங்கள். விளிம்பு ஈறில் குத்தினால் அங்கேயே தேய்த்துத் தரச் சொல்லுங்கள். அந்த இடத்தில்தான் ஜெல் கசிந்து ஈறு வெளுத்து எரியும்.

ஜெல் கார்பமைடு பெராக்சைடு 10 சதவீதம் போதும். அது ஏறக்குறைய 3.5 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடுக்குச் சமம். ஒபலசென்ஸ் பிஎஃப் என்ற பிராண்டின் 10 சதவீத ஜெல்லை இரவு முழுக்க வைக்கலாம். அதே வரிசையில் 20 சதவீதத்துக்கு 2 முதல் 4 மணி நேரம், 35-க்கு அரைமணி முதல் ஒரு மணி நேரம்தான். சதவீதம் கூடினால் கடைசி வெண்மை கூடுவதில்லை, சீக்கிரம் கிடைக்கும், பல் கூச்சமும் கூடும். பல் துலக்கி, ஒவ்வொரு பல்லின் முன்பக்கக் குழியிலும் அரிசியளவு ஜெல் வையுங்கள். ட்ரேயை மாட்டியதும் வழிவதை விரலால் துடைத்துவிடுங்கள். ட்ரே நிறைய ஜெல்லை அடைப்பவர்களுக்குப் பாதி வயிற்றுக்குப் போகும், ஈறும் புண்ணாகும். சாதாரண மஞ்சளுக்கு இரண்டு வாரம். சிரிஞ்சு ஃபிரிஜ்ஜில் இருக்கட்டும். ஊட்டிக் குளிரை நம்பி அலமாரியில் வைத்தால் வெயிலடிக்கும் நாளில் வீரியம் குறையலாம்.

எஸ்டேட் பக்கம் இருப்பவர்களுக்கு இன்னொரு வசதி: அச்சுக்கு ஒருமுறை, ட்ரே வாங்க ஒருமுறை டவுனுக்கு இறங்கினால் போதும்.

கிளினிக்கில் ஒரே அமர்வில் செய்வது அவசரக்காரர்களுக்கு. ஹைட்ரஜன் பெராக்சைடு 25 முதல் 40 சதவீதம் வரை, 15-20 நிமிடச் சுற்றுகளாக. ஈறின்மேல் பிசின் பூசி விளக்கால் இறுக்காமல் ஜெல் வைக்க விடாதீர்கள். நடுவில் ஈறு எரிந்தால் உடனே கையைத் தூக்குங்கள். அன்று தெரியும் பளிச்சென்ற வெள்ளையில் ஒரு பங்கு பல் உலர்ந்ததால் வந்தது, சில நாளில் இறங்கும். பல் நிறங்களை வரிசையாகக் காட்டும் ஷேடு கார்டை வைத்து இரண்டு வாரம் கழித்துப் பகல் வெளிச்சத்தில் ஒப்பிடுங்கள். வெளுப்பதற்கான விளக்குக்கென்று தனிக் கட்டணம் கேட்டால் மறுத்துவிடலாம். நீடித்த வித்தியாசம் அதனால் வருவதில்லை.

கூச்சம் இங்கே பெரிய விஷயம். டிசம்பர், ஜனவரி உறைபனியில் குழாய்த் தண்ணீர் பல்லில் பட்டாலே சுரீரென்று ஏறும். பிளீச்சுக்கு இரண்டு வாரம் முன்பே 5 சதவீத பொட்டாசியம் நைட்ரேட் பேஸ்ட்டுக்கு மாறுங்கள், வெதுவெதுப்பான நீரில் கொப்பளியுங்கள், தாங்காவிட்டால் ஒருநாள் விட்டு ஒருநாள் ட்ரே போடுங்கள். சொத்தையோ விரிசலோ இருந்தால் முதலில் அது சரியாகட்டும். கர்ப்பிணிகளும் 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களும் தள்ளிப்போடுவது நல்லது.

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் போர்வெல் தண்ணீரில் வளர்ந்து இங்கே வந்தவர்களின் ஃபுளோரோசிஸ் (தண்ணீரில் ஃபுளோரைடு மிகுந்ததால் பல்லில் வரும்) திட்டுகள் வேறு கதை. பிளீச் செய்த முதல் நாட்களில் வெள்ளைத் திட்டு இன்னும் எடுப்பாகத் தெரியும். மேல்பரப்பை மெலிதாகச் சீவும் மைக்ரோஅப்ரேஷன் பற்றிக் கேளுங்கள். சிறுவயதில் டெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் சாப்பிட்டதால் வந்த சாம்பல் கோடுகளுக்கு ட்ரே மூன்று முதல் ஆறு மாதம் ஆகலாம். ரூட் கேனால் செய்து கறுத்த ஒற்றைப் பல்லுக்கு உள்ளிருந்துதான் பிளீச் வைக்கவேண்டும்.

பிளீச் நடக்கும் நாட்களில் டீயைப் பால் விட்டுக் குடியுங்கள். பாலின் கேசீன் டானினைப் பிடித்துக்கொள்ளும், கறை குறையும். கட்டஞ்சாயா, பீட்ரூட் பொரியல் அந்த இரண்டு வாரம் வேண்டாம்.

கேப்பும் பல் நிற அடைப்பும் வெளுக்காது. முன்பல்லில் அவை இருந்தால் பிளீச் முடிந்து நிறம் நிலைத்த பிறகே மாற்றுங்கள். இடையில் இரண்டு வாரமாவது விடவேண்டும்; பல்லில் தங்கிய ஆக்சிஜன், பல் நிற அடைப்பான காம்போசிட் ஒட்டுவதைக் கெடுக்கும்.