மார்பிள் போடுவதற்கு முன்னால்: ரேடியேட்டருக்கு எந்தக் குழாய் அமைப்பு?

டெல்லி கரோல் பாக்கில் அத்தை வீட்டுத் தரையைப் பெயர்த்து மார்பிள் போடப் போகிறோம். அதோடு அறையைச் சூடாக்கும் சுடுநீர் ரேடியேட்டரும் வைக்கிறோம். ஜனவரி இரவில் ரஜாய் என்னும் பஞ்சுப் போர்வைக்குள் படுத்தாலும் அத்தைக்கு முழங்கால் விறைத்துவிடுகிறது. ஐந்து அறைகள். குழாயை எப்படி ஓட்டுவது என்று இப்போதே முடிவு செய்தாக வேண்டும்.

மிஸ்திரி சொன்னது ஒற்றைக் குழாய். ஒரு ரேடியேட்டரில் புகுந்து வெளியே வரும் தண்ணீர் அப்படியே அடுத்ததற்குப் போகும். செலவு குறைவுதான். ஆனால் முதல் அறையில் 70 டிகிரியில் நுழையும் தண்ணீர் போகப் போக ஆறிக்கொண்டே வரும். கடைசி அறைக்குப் பெரிய ரேடியேட்டர் வேண்டும். நடுவில் ஒரு வால்வை மூடினால் எல்லாமே நின்றுவிடும். ரேடியேட்டரைத் தாண்டிப் போக பைபாஸ் குழாய் கொடுத்தால் அந்தச் சிக்கல் தீரும், சூடு இறங்குவது தீராது. அத்தையின் படுக்கையறைதான் கடைசி. அதனால் இது வேண்டாம்.

இரட்டைக் குழாயில் போக ஒன்று, வர ஒன்று. எல்லா அறைக்கும் ஏறக்குறைய ஒரே சூட்டில் தண்ணீர் கிடைக்கும். ஆனால் பாய்லருக்குப் பக்கத்து ரேடியேட்டரிலேயே பெரும்பகுதி சுற்றித் திரும்பிவிடும். தண்ணீர் திரும்பும் பக்கத்து ஒவ்வொரு ரிட்டர்ன் வால்வையும் கால் திருகு, அரைத் திருகாக மூடி, குழாயைத் தொட்டுப் பார்த்துச் சரிசெய்ய வேண்டும். பொறுமையான ஆள் வேண்டிய வேலை.

ரிவர்ஸ் ரிட்டர்ன் என்ற இன்னொரு இரட்டைக் குழாய் முறையில், முதலில் தண்ணீர் வாங்கும் ரேடியேட்டர் கடைசியில் திருப்பித் தரும். எல்லாவற்றுக்கும் தூரம் சமம். அறைகள் சுற்றி வரும் வீட்டுக்கு அருமையான முறை. அத்தை வீடோ ரயில் பெட்டி மாதிரி நீளம். கடைசி அறையிலிருந்து பாய்லருக்குத் தண்ணீர் திரும்ப, வீட்டு நீளத்துக்கு மூன்றாவதாக இன்னொரு குழாய் ஓட வேண்டும்.

என் ஓட்டு மேனிஃபோல்டுக்கு, அதாவது தண்ணீரைப் பல கிளைகளாகப் பிரித்துக் கொடுக்கும் குழாய்த் தொகுதிக்கு. ஒரே இடத்திலிருந்து ஒவ்வொரு ரேடியேட்டருக்கும் தனித்தனிக் குழாய் ஜோடி. பெக்ஸ் என்னும் வளையும் பிளாஸ்டிக் குழாய் நிறையப் பிடிக்கும், சரி. ஆனால் மார்பிளுக்கு அடியில் ஓர் இணைப்புகூட இருக்காது. தண்ணீர் 20 டிகிரி ஆறித் திரும்பினால் 1 கிலோவாட் சூட்டுக்கு மணிக்குச் சுமார் 43 லிட்டர் போதும் என்பதால் 16 மில்லிமீட்டர் குழாயே தாங்கும். ஆக்சிஜன் தடுப்புப் படலம் உள்ள பெக்ஸாகப் பார்த்து வாங்க வேண்டும். இல்லையென்றால் குழாய்ச் சுவர் வழியே ஆக்சிஜன் புகுந்து இரும்பு ரேடியேட்டர் உள்ளே துருப்பிடிக்கும். அப்புறம், மார்பிள் ஒட்டும்முன் குழாயில் அழுத்தம் ஏற்றி ஒரு ராத்திரி முழுக்க வைத்துப் பார்க்க வேண்டும்.

மேனிஃபோல்ட் பெட்டியைச் சமையலறைச் சுவரில், அத்தை குனியாமல் எட்டும் உயரத்தில் வைக்கச் சொல்லியிருக்கிறேன்.