ஓடிபி சொல்வதற்கு முன் படிவத்தை வாசியுங்கள்: வெளிநாட்டில் வாழும் மூத்தவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

முப்பத்தோரு ஆண்டுகளாகப் பினாங்கில் வாழும் எனக்குச் சாந்திக் கல்யாணம் (அறுபதாம் கல்யாணம்) முடிந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. 2024 ஆகஸ்டில் முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்காகக் காரைக்குடி வந்திருந்தபோது, பங்காளி வழியில் அறிமுகமான ஒரு மருத்துவக் காப்பீட்டு முகவர் எங்கள் வீட்டு முகப்பில் அமர்ந்து, "ஒண்ணும் யோசிக்காதீங்க அண்ணே, முதல் நாள்லேருந்தே எல்லா வியாதிக்கும் கிடைக்கும், பினாங்குலயும் இதையே காட்டலாம்" என்றார். சர்க்கரைக்குப் பதினைந்து ஆண்டுகளாக மாத்திரை எடுப்பதை அவரிடம் நானே சொன்னேன். கைப்பேசியில் அவர் எதையோ தட்டிக்கொண்டே போக, எனக்கு வந்த ஆறு இலக்க ஓடிபியை வாசித்துக் காட்டினேன். அந்த எண்தான் என் கையெழுத்து என்பது அன்று எனக்குத் தெரியாது. அதைவிடப் பெரிய தவறாக, அவர் பேச்சை நம்பி, பினாங்கில் பல ஆண்டுகளாகக் கட்டிவந்த பாலிசியை அந்த மாதமே நிறுத்திவிட்டேன்.

2025 டிசம்பரில், பிள்ளையார் நோன்புக்கு இழை எடுக்க இரண்டு நாள் இருக்கையில் நெஞ்சு வலி வந்து, மதுரையில் ஒரு மருத்துவமனையில் இருதயக் குழாய் அடைப்புக்கு இரண்டு ஸ்டென்ட் வைத்தார்கள். காப்பீட்டு நிறுவனமே மருத்துவமனைக்கு நேரடியாகப் பணம் கட்டும் கேஷ்லெஸ் வசதி மறுக்கப்பட்டது, 3,72,000 ரூபாயைக் கையிலிருந்து கட்டினோம். உண்மையை மறைத்ததாகச் சொல்லிப் பாலிசியையே ரத்து செய்தார்கள். பாலிசிக்கு விண்ணப்பித்த முன்மொழிவுப் படிவத்தின் நகலைக் கேட்டு வாங்கிப் பார்த்தபோது, "சர்க்கரை நோய் உண்டா?" என்ற கேள்விக்கு நேராக "இல்லை" என்றிருந்தது, கீழே நான் சொன்ன ஓடிபி பதிவான தேதியும் நேரமும் இருந்தன. சிகிச்சை இந்தியாவுக்குள் மட்டுமே என்ற வரி, நான் பிரித்தே பார்க்காத பாலிசி அட்டவணையின் இரண்டாம் பக்கத்தில் தெளிவாகவே அச்சாகியிருந்தது.

சர்க்கரையைப் படிவத்தில் சொல்லியிருந்தாலும், முன்பே இருக்கும் நோய்க்கு 36 மாதம் வரை காத்திருப்புக் காலம் வைக்க விதி இடம் தருகிறது என்பதால், "முதல் நாள்லேருந்தே" என்ற பேச்சே பொய். தொடர்ந்து 60 மாதம் பாலிசி நடப்பில் இருந்த பிறகுதான், மோசடி நிரூபிக்கப்பட்டாலன்றி, நோயை மறைத்ததாகக் காட்டி நிறுவனம் பணம் மறுக்க முடியாது; எனக்கு ஆகியிருந்தது 16 மாதம். பாலிசி கைக்கு வந்த 30 நாட்களுக்குள் வேண்டாம் என்று திருப்பித் தரும் உரிமையும் இருந்தது. அந்த 30 நாட்களும் அது பீரோவில் கிடந்தது.

இந்தியாவில் எடுத்த பாலிசியில் இப்படி நேர்ந்தால், முதலில் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ மறுத்தாலோ, ஓராண்டுக்குள் காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் ஓம்புட்ஸ்மேனிடம் கட்டணமின்றி முறையிடலாம். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில் உள்ளது. நான் மனு அனுப்பிக் காத்திருக்கிறேன். முகவர் சொன்னதற்கு எழுத்தில் ஒரு வரிகூட என்னிடம் இல்லாததுதான் பெரும் பலவீனம். ஆகவே அவர் தரும் வாக்குறுதிகளை வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்குங்கள். புதிய பாலிசி வாழும் நாட்டிலும் செல்லும் என்று எழுத்தில் உறுதியாகி, அதன் காத்திருப்புக் காலமும் முடியும்வரை, அந்நாட்டுப் பாலிசியை எக்காரணம் கொண்டும் விடாதீர்கள். அறுபத்தாறு வயதில் பினாங்கில் மறுபடி விண்ணப்பித்தபோது, இருதயத்தையும் சர்க்கரையையும் விலக்கிவிட்டுத்தான் தர முன்வந்தார்கள்.

சென்ற மாதம் என் மனைவிக்கு விண்ணப்பித்தோம். ஒவ்வொரு கேள்வியையும் உரக்க வாசித்து, 2011 முதல் ரத்த அழுத்தத்துக்கு எடுக்கும் மாத்திரையின் பெயர்வரை நிரப்ப ஒன்றரை மணி நேரம் ஆயிற்று, பிரீமியமும் கூடியது. படிவத்தின் நகல் மின்னஞ்சலுக்கு வந்து, அதை வரி வரியாகப் பார்த்த பிறகே ஓடிபியைச் சொன்னோம்.