யமஹா சிபி88: மெல்லத் தொட்டுப் பார்க்க வேண்டிய மேடைப் பியானோ

டிஜிட்டல் பியானோ ஒன்றைப் பலமாக வாசித்துப் பார்த்து அதன் தரத்தை அறிந்துகொள்ள முடியாது என்பது என் அனுபவம். இன்று விற்பனையில் இருக்கும் நல்ல கருவிகள் எல்லாமே ஓங்கி வாசிக்கும்போது கம்பீரமாகத்தான் ஒலிக்கின்றன. கட்டை இறங்கியதா இல்லையா என்று வாசிப்பவருக்கே ஐயம் எழும் அளவுக்கு மெல்ல அழுத்தும்போதும், விரலை எடுத்த பிறகு ஒலி எப்படி அடங்குகிறது என்று காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்கும்போதும்தான் ஒரு கருவிக்கும் இன்னொன்றுக்கும் உள்ள வேறுபாடு புலப்படும். யமஹாவின் சிபி88 மேடைப் பியானோவை இரண்டு ஆண்டுகளாகத் தேவாலயப் பாடகர் குழுவிலும், மெல்லிசைக் கச்சேரிகளிலும், வீட்டில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் நேரங்களிலும் பயன்படுத்தி வருகிறேன். அதன் மெல்லிய ஒலிகளை முன்வைத்தே இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

மேடைப் பியானோ என்பது வீட்டுக் கூடத்தில் மரப்பெட்டியோடு நிற்கும் டிஜிட்டல் பியானோவிலிருந்து வேறுபட்டது. சிபி88க்குள் ஒலிபெருக்கி கிடையாது. நிற்பதற்குக் கால்களும் கிடையாது. ஹெட்போனையோ வெளி ஒலிபெருக்கியையோ இணைக்காவிட்டால் கட்டைகள் தட்டும் ஓசை மட்டுமே கேட்கும். 2019ஆம் ஆண்டின் தொடக்கத்தில், சிபி73 என்ற சிறிய கருவியோடு சேர்த்து இது அறிமுகமானது. 88 கட்டைகள், 18.6 கிலோ எடை, ஒரே நேரத்தில் 128 ஒலிகள் வரை எழுப்பும் திறன் ஆகியவை இதன் அடிப்படை விவரங்கள். மற்றவற்றை எண்களால் சொல்வதைவிட விரலாலும் காதாலும் சொல்வதே பொருத்தம்.

முதலில் விரல். இதன் வெள்ளைக் கட்டைகள் மரத்தால் ஆனவை. கட்டைகளின் மேற்பரப்பில் தந்தத்தையும் கருங்காலியையும் ஒத்த செயற்கைப் பொருள் பதிக்கப்பட்டிருக்கிறது; வழவழப்பான பிளாஸ்டிக்கைப் போல அது வியர்வையில் வழுக்குவதில்லை. மே மாதத்தில், மின்விசிறி எட்டாத மேடை மூலையில் இரண்டு மணி நேரம் வாசித்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். உண்மையான பியானோவில் மந்தர ஸ்தாயியின் சுத்தியல்கள் கனமானவை, மேலே போகப் போக அவை இலேசாகும். அந்தப் படிப்படியான கனத்தை இந்தக் கருவியும் கடைப்பிடிக்கிறது. இடது கை கீழே ஆழமாக ஊன்றி நிற்க, வலது கை மேல் ஸ்தாயியில் சிரமமின்றி ஓடும். பயிற்சிக்காக ஒரே கட்டையை மூன்று விரல்களால் மாற்றி மாற்றி வேகமாகத் தட்டிப் பார்த்தேன். கட்டை முழுவதும் மேலே வரக் காத்திருக்காமல், பாதி எழும்பிய நிலையிலேயே அடுத்த அடியை ஏற்றுக்கொண்டது. ஓர் அடிகூடத் தவறவில்லை. ஆனால் இது இலகுவான கட்டை அன்று. சாதாரண கீபோர்டிலிருந்து நேராக வருகிறவருக்கு முதல் வாரம் மணிக்கட்டு வலிக்கலாம். அந்த வாரத்தைப் பொறுத்துக்கொண்டால் விரல்கள் தாமே வலுப்பெற்றுவிடும்.

இனி ஒலி. உண்மையான பியானோக்களின் ஒலிப்பதிவுகள்தாம் இதில் ஒலிக்கின்றன. அவற்றுள், தந்திகள் படுக்கையாக நீளும் கிராண்டு பியானோக்களில் முதன்மையானது சிஎஃப்எக்ஸ். 2010ஆம் ஆண்டில் யமஹா வெளியிட்ட, ஏறத்தாழ ஒன்பது அடி நீளமுள்ள கச்சேரிப் பியானோவின் ஒலிப்பதிவு இது. அதே ஆண்டு வார்சாவில் நடந்த ஷோபேன் பியானோ போட்டியில் முதற்பரிசு பெற்ற யூலியானா அவ்தேயேவா வாசித்தது அந்த வகைப் பியானோவைத்தான். இரவு ஊரடங்கிய பிறகு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ரிவர்ப் எனும் எதிரொலி விளைவு முழுவதையும் அணைத்துவிட்டு, நடுவில் உள்ள ஸட்ஜத்தை மட்டும் ஒருமுறை மெல்ல அழுத்தி அது முற்றாக மறையும் வரை கேட்டுக்கொண்டிருந்தேன். முதலில் சுத்தியலின் கம்பளி தந்தியைத் தொடும் மெத்தென்ற ஒரு துளி ஓசை. பின் நாதம் விரிந்து, சில நொடிகளில் மேலிருந்த பளபளப்பு உதிர்ந்து, அடியில் இருந்த வட்டமான சுருதி மட்டும் எஞ்சி, மெல்ல மெல்ல மங்கியது. மலிவான கருவிகளில் இந்தக் கார்வை பாதியில் ஒரே சிறு அலை திரும்பத் திரும்பச் சுழல்வதைப்போல் ஆகிவிடும். இங்கே அந்தச் சுழற்சியை என் காதால் பிடிக்க முடியவில்லை. அதே கட்டையைச் சற்றே கூடுதலாக அழுத்தியபோது ஒலி பெரிதானதோடு அதன் நிறமும் மாறியது. பாடகர் ஒருவர் தாழ்ந்த குரலில் தொடங்கி வாயைத் திறந்து பாடுவதுபோல அந்த மாற்றம் படிப்படியாக நிகழ்ந்தது. ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் நடுவே குதிப்பு தெரியவில்லை.

இரண்டாவது கிராண்டு, போசன்டார்ஃபர் இம்பீரியல். 1828இல் வியன்னாவில் தொடங்கப்பட்ட போசன்டார்ஃபர் நிறுவனம் 2008 முதல் யமஹாவின் வசம் இருக்கிறது. ஆகவே இந்த ஒலி இங்கே இடம்பெற்றதில் வியப்பில்லை. 290 செண்டிமீட்டர் நீளமுள்ள அந்தப் பியானோவில் வழக்கமான 88 கட்டைகளோடு கீழே கூடுதலாக ஒன்பது கட்டைகள், ஆக 97 உண்டு. அந்தத் தாழ்ந்த தந்திகளை யாரும் தொடாதபோதும் மற்ற ஒலிகளுக்கு இசைந்து அவை அதிர்வதால் கிடைக்கும் செழுமையே அதன் புகழுக்கு ஒரு காரணம். சிபி88இல் இந்த ஒலியைத் தேர்ந்தெடுத்து, பெடலை அழுத்தியபடி மந்தரத்தில் ஒரு பஞ்சமத்தை வாசித்தால் அறையின் நிறமே மாறுகிறது. சிஎஃப்எக்ஸ் தெளிவான பகல் வெளிச்சம் என்றால், இது எண்ணெய் விளக்கின் மஞ்சள் ஒளி. தனியாக வாசிக்கும் நேரங்களில் என் விரல் தேடிப்போவது இதைத்தான். ஆனால் டிரம்ஸும் பேஸ் கிட்டாரும் சேர்ந்த மேடையில் இந்த மஞ்சள் ஒளி மங்கிப்போகும்; அங்கே சிஎஃப்எக்ஸின் கூர்மையே எடுபடும்.

நிமிர்ந்து நிற்கும் அப்ரைட் பியானோக்களில், யமஹாவின் யு1இன் ஒலி எனக்குத் தனிப்பட்ட முறையில் நெருக்கமானது. பாட்டு வகுப்புகளிலும் பள்ளிக்கூடக் கூடங்களிலும் சுவரோரமாக நிற்கும் பியானோவின் சற்றே அடைத்த, நேர்மையான குரல் அது. பாடகர் குழுவுக்கு நான்கு குரல்களையும் தனித்தனியாகப் பிரித்துச் சொல்லிக்கொடுக்கும்போது, கிராண்டின் பளபளப்பைவிட இந்த எளிய குரலைப் பின்பற்றிப் பாடுவது அவர்களுக்கு எளிதாக இருக்கிறது.

இந்தக் கருவியின் பெயரிலேயே வரலாறு இருக்கிறது. 1970களின் பிற்பகுதியில் யமஹா சிபி70, சிபி80 என்ற மின் கிராண்டு பியானோக்களைச் செய்தது. உண்மையான தந்திகளும் சுத்தியல்களும் அவற்றில் இருந்தன. ஆனால் தந்திகளின் ஒலியைப் பெருக்கும் மரப்பலகையான ஒலிப்பலகை இல்லை. தந்திகளின் அதிர்வைப் பிக்கப்புகள் மின்னோட்டமாக மாற்றி வெளியே அனுப்பின. ஊர் ஊராகச் செல்லும் குழுக்கள் கிராண்டு பியானோவைத் தூக்கிச் செல்ல முடியாத காலத்தில், இரண்டாகப் பிரித்துப் பெட்டியில் அடைத்துக் கொண்டுபோகக்கூடிய அந்தக் கருவி பெரும் உதவியாக இருந்தது. குட்டையான மந்தரத் தந்திகளால் அதற்கு உலோக வாசனை கொண்ட, சற்றே முரட்டுத்தனமான ஒரு குரல் வாய்த்தது. அந்த சிபி80இன் ஒலி இதில் இருக்கிறது. ஒரே ஒலி பலவாகக் கேட்கச் செய்யும் கோரஸைச் சிறிது சேர்த்தால் அதன் பழைய அழகு அப்படியே வெளிப்படுகிறது.

மின் பியானோக்களுக்கென்று தனிப் பகுதியே ஒதுக்கப்பட்டிருக்கிறது. 73, 75, 78 ஆகிய எண்களைப் பெயரில் தாங்கிய ரோட்ஸ் ஒலிகளும், வுர்லிட்சர், கிளாவி (கிளாவினெட் என்ற தந்திக் கீபோர்டு), டிஎக்ஸ் (யமஹாவின் சிந்தசைசர்) ஆகிய பழைய மின் கருவிகளின் ஒலிகளும் இதில் அடக்கம். ரோட்ஸில் சுத்தியல் மெல்லிய எஃகுக் கம்பியைத் தட்டும். அருகில் இருக்கும் காந்தப் பிக்கப் அந்த அதிர்வைப் பிடிக்கும். மெல்ல வாசித்தால் சிறு மணியின் ஒலி, ஓங்கினால் தொண்டையிலிருந்து எழும் கரகரப்பு. இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கும் இடத்தைத்தான் பல கருவிகள் தவறவிடுகின்றன. இங்கே அது விரலின் கனத்துக்கு ஏற்ப வழுவாமல் வருகிறது. வுர்லிட்சரில் கம்பிக்குப் பதிலாகத் தட்டையான எஃகு நாக்கு அதிரும். அதன் ஒலி வறட்சியானது, கடித்துப் பேசுவது. 1983இல் வந்த டிஎக்ஸ்7இன் கண்ணாடி போன்ற ஒலி, எண்பதுகளின் பாடல்களைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு முதல் சுரத்திலேயே அடையாளம் தெரியும். டிரெமோலோ (ஒலி நடுங்குவது), ஃபேஸர் (ஒலி சுழல்வது), டிரைவ் (ஒலி கரகரப்பது) ஆகிய விளைவுகளை அந்தந்தக் குமிழைத் திருகியே மாற்றலாம்.

குமிழ்களைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் மேடையில் என்னை இந்தக் கருவியோடு கட்டிப்போட்டது அதன் முகப்புதான். பியானோ, மின் பியானோ, துணை ஒலி என மூன்று பகுதிகள். ஒவ்வொன்றையும் இயக்கவும் நிறுத்தவும் ஒரு நெம்புகோல் ஸ்விட்ச். எது ஒலிக்கிறது, எது அணைந்திருக்கிறது என்பது இருட்டிலும் விரல்நுனிக்குத் தெரியும். ஒரு குமிழுக்கு ஒரு வேலை என்பதால், பாட்டின் நடுவே திரையில் பட்டியலைத் தேடி அலைய வேண்டியதில்லை. திரை சிறியது, ஆழமான அமைப்புகளுக்குள் போகும்போது மட்டும் அதன் சிறுமை உறுத்துகிறது. நாமாக அமைத்துக்கொண்ட ஒலிக்கலவைகளைச் சேமித்து எட்டுப் பொத்தான்களில் அழைக்கலாம். ஒரு கலவையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது, பெடலில் பிடித்திருக்கும் ஒலி அறுபடாமல் தொடர்வது எனக்குப் பெரிய நிம்மதி. பாடுபவர் திடீரென்று “அரைக் கட்டை இறக்கிக்கொள்ளுங்கள்” என்று காதோரம் சொன்னால், அதற்கும் முகப்பிலேயே தனிப் பொத்தான் இருக்கிறது.

துணை ஒலிப் பகுதியில் வயலின் கூட்டம், பேட் (மெல்லப் பரவும் பின்னணி ஒலி), ஆர்கன் போன்றவை உள்ளன. பியானோவின் கீழே வயலின்களை மெல்லிய விரிப்பாகப் போட்டு, ஒலி எழும் வேகத்தைக் குமிழால் தாமதப்படுத்தினால், பிரார்த்தனைப் பாடல்களுக்கு மிகப் பொருத்தமாக அமைகிறது. ஆர்கனை மட்டும் அளவோடுதான் எதிர்பார்க்க வேண்டும். டிராபார் எனும் இழுகோல்களை இழுத்து ஒலியைச் செதுக்கும் வசதி இதில் இல்லை. ஆர்கனே பிரதானமாக வாசிக்கிறவருக்கு இந்தக் கருவி போதாது.

இதன் பின்புறத்தில் எக்ஸ்எல்ஆர் எனும் மூன்று முனை இணைப்பு வெளியீடுகள் இருப்பதன் பயனை ஒரு திருமண மண்டபத்தில் உணர்ந்தேன். ஜெனரேட்டர் ஓடத் தொடங்கியதும், சாதாரண வயரில் இணைத்திருந்த பியானோவோடு சேர்ந்து “ம்ம்ம்” என்ற தாழ்ந்த இரைச்சல் ஒலிபெருக்கியில் எழுந்தது. மெல்லிய பாடல் ஒன்றைத் தொடங்கவிருந்த நேரம் அது. மைக்குக்குப் பயன்படுத்தும் அதே வயர்கள் இரண்டை வாங்கி எக்ஸ்எல்ஆரில் மாற்றி இணைத்ததும் இரைச்சல் நின்றது. யூஎஸ்பி வழியாகக் கணினிக்கு நேராகவே ஒலியை அனுப்ப முடிவதால், வீட்டில் பதிவு செய்வதற்குத் தனிக் கருவி தேவைப்படவில்லை. பெடலைப் பொறுத்தவரை, எஃப்சி3ஏ போன்ற அரைப் பெடல் ஏற்கும் ஒன்றையே பயன்படுத்த வேண்டும். பெடலை முழுதாக அழுத்தாமல் பாதியில் நிறுத்தி ஒலியைத் துடைத்தெடுக்கும் நுணுக்கம் வெறும் ஸ்விட்ச் வகைப் பெடலில் கிடைக்காது.

எடையைப் பற்றி நேர்மையாகச் சொல்ல வேண்டும். 32 கிலோவைத் தாண்டும் கவாய் எம்பி11எஸ்இயோடு ஒப்பிட்டால் 18.6 கிலோ இலேசுதான். அந்தக் கருவியின் நீண்ட மரக்கட்டைகள் விரலுக்கு இன்னும் இணக்கமானவை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உறையோடு சேர்த்து சிபி88ஐ இரண்டாம் மாடி மண்டபத்துக்குத் தனியாளாக ஏற்றுவது நடவாத காரியம். வாரந்தோறும் ஆட்டோவில் போய்வருகிறவர்கள் 13.1 கிலோ எடையுள்ள சிபி73ஐப் பார்க்கலாம். ஒலிகள் அவையே, கட்டைகள்தாம் வேறு. அதில் எல்லாக் கட்டைகளும் ஒரே கனம் கொண்டவை, மரமும் இல்லை. மின் பியானோவும் ஆர்கனும் மிகுதியாக வாசிப்பவருக்கு அதுவே வசதி. டிரினிட்டி போன்ற இசைத் தேர்வுகளுக்குப் பிள்ளைகளைத் தயார்செய்யும் வீடாக இருந்தால் தயங்காமல் 88 கட்டைகளுக்கே போகலாம்; தேர்வுக் கூடத்தில் உண்மையான பியானோவின் முன் உட்காரும் பிள்ளைக்கு விரல் தடுமாறாது.

ஸ்டாண்டில் மட்டும் சிக்கனம் பார்க்க வேண்டாம். தொடக்கத்தில் நான் பெருக்கல் குறி வடிவிலான மெல்லிய ஸ்டாண்டில் வைத்திருந்தேன். பலமான இடங்களில் கருவி முழுதும் அசைந்ததால், கட்டைகளே தளர்ந்திருப்பதாகப் பல வாரங்கள் தவறாக நினைத்துக்கொண்டிருந்தேன். மேசை போன்ற நான்கு கால் ஸ்டாண்டுக்கு மாற்றிய அன்று, முன்பு காதில் விழாத மெல்லிய ஒலிகளும் என் விரலின் கட்டுக்குள் வந்தன.