ஃப்ரீலான்ஸ் தளங்களும் முதல் வேலை தேடும் பிள்ளைகளும்

படித்து முடித்துவிட்டு வேலை தேடும் பிள்ளைகளுக்கு ஆன்லைனில் முதல் வேலை பிடித்துக் கொடுக்கச் சில வருடங்களாக உதவி வருகிறேன். வீட்டிலிருந்தே தனித்தனி வேலைகளை எடுத்துச் செய்ய உதவும் அப்வொர்க், ஃபைவர் என்ற இரண்டு தளங்களிலும் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து பழகியதில் எனக்குப் பட்டதை எழுதுகிறேன்.

எந்தத் தளம் நல்லது என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். வேலையைத் தொடங்கும்போது பணம் யார் கையில் இருக்கிறது என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். அப்வொர்க்கில் மொத்தமாகப் பேசிச் செய்யும் வேலை என்றால், கிளையன்ட், அதாவது வேலை தருபவர், அந்தக் கட்டத்துக்கான பணத்தை எஸ்க்ரோவில் (வேலை முடியும்வரை பணத்தை நடுவில் பிடித்து வைக்கும் கணக்கு) போட்ட பிறகே தொடங்கச் சொல்வேன். முடித்து முறையாகச் சமர்ப்பித்த பின் 14 நாள் அவர் வாயே திறக்காவிட்டாலும் பணம் தானாக விடுவிக்கப்படும். ஃபைவரில் ஆர்டர் போடும்போதே வாங்குபவர் பணம் கட்டிவிடுவார். ஆனால் நம் பங்கில் 20 சதவீதம் கமிஷனாகப் போய்விடும். ஆர்டர் முடிந்த பின் மிச்சம் கைக்கு வரப் பெரும்பாலானோருக்கு இன்னும் 14 நாள் ஆகும். புதிதாக வருபவர்களுக்கு இது பெரிய வெட்டுதான். இருந்தும், செய்த வேலைக்குக் காசு கேட்டு யார் பின்னாலும் அலைய வேண்டாம் என்பதால், எந்தத் தளமானாலும் பணம் முன்பே கட்டப்படும் முறையைத்தான் சிபாரிசு செய்கிறேன்.

மணிக்கணக்கு வேலை எல்லோருக்கும் ஒத்துவராது. வேலை செய்த நேரத்தைக் கணக்கிடும் அப்வொர்க்கின் டிராக்கர் சுமார் 10 நிமிடத்துக்கு ஒருமுறை ஸ்கிரீன்ஷாட் எடுக்கும். பிடிக்காத படத்தை அழிக்கலாம், ஆனால் அந்த நேரத்துக்கான கூலியும் சேர்ந்து போய்விடும். கூச்ச சுபாவம் உள்ள பிள்ளைகளை நான் இதில் தள்ளுவதில்லை.

அதிக நேரம் பிடிப்பது ப்ரபோசல், அதாவது வேலை கேட்டு எழுதும் விண்ணப்பம்தான். சப்டைட்டில் வேலைக்கு விண்ணப்பித்த ஒரு பெண், "ஐயா, நான் கடின உழைப்பாளி, ஒரு வாய்ப்புத் தாருங்கள்" என்று தொடங்கியிருந்தாள். அதை எடுத்துவிட்டு, அந்த கிளையன்ட் வெளியிட்டிருந்த வீடியோவையே போட்டுப் பார்க்கச் சொன்னேன். நடுவில் ஒரு இடத்தில் பேச்சு முடிந்த பிறகுதான் எழுத்து வருகிறது. எந்த நிமிடம், எத்தனை நொடி தாமதம், எப்படிச் சரிசெய்வாள் என்று நாலே வரி எழுதினாள். அன்று மாலையே பதில் வந்தது. அந்தப் பதிலில் இருந்த மரியாதையை, கெஞ்சிக் கேட்ட எந்தக் கடிதத்துக்கும் நான் பார்த்ததில்லை.

அப்புறம், "சாம்பிள்" என்ற பெயரில் முழு வேலையையும் இலவசமாகக் கேட்பார்கள். ஒரு பையனிடம் ஒரு கிளையன்ட் இப்படி முழுக் கட்டுரையே வாங்கிக்கொண்டு காணாமல் போனார். எனக்கு இன்னும் ஆறவில்லை. அதிலிருந்து, பழைய வேலைகளை மட்டும் காட்டச் சொல்கிறேன். புதிதாக ஏதாவது வேண்டுமா, சரி, அதற்குச் சின்ன மைல்ஸ்டோன் ஒன்று, அதாவது தனிப் பணம் கட்டிய ஒரு சின்னக் கட்டம், போடட்டும்.

வேலை தருவதற்கு முன்பணம் கட்டு, டெலிகிராமுக்கு வா, உன் அக்கவுண்டை வாடகைக்குக் கொடு என்று கேட்பவர்களிடம் விளக்கம்கூடச் சொல்ல வேண்டாம். தளத்தில் ரிப்போர்ட் அடித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம்.