ஃபிஃப்டி ஷேட்ஸ் மூணு புக்கும் படிச்சாச்சு, பிரச்சனை அந்த ரூமுக்குள்ள இல்ல

ஆபீஸ்ல பக்கத்து சீட் பொண்ணு "அக்கா, இவ்ளோ படிக்கிறீங்க, இத மட்டும் ஏன் தொடவே மாட்டேங்கிறீங்க"ன்னு கேட்டுட்டே இருந்தா, ஒரு நாள் நியூஸ்பேப்பர் அட்டை போட்ட ஃபிஃப்டி ஷேட்ஸ் ஆஃப் கிரே காப்பிய என் பையில திணிச்சே விட்டுட்டா. அத முடிச்சுட்டு ரெண்டாவதும் மூணாவதும் நானே வாங்கி படிச்சேன். பிடிச்சுதா இல்லையான்னு அவ கேட்டப்போ ஒரு வார்த்தையில சொல்ல வரல, அதான் இங்க எழுதறேன்.

லண்டன்ல டிவி துறையில வேல பார்த்துட்டு இருந்த இ.எல். ஜேம்ஸ் இத முதல்ல ட்வைலைட்ங்கிற ரத்தக்காட்டேரி காதல் நாவலோட கேரக்டர்கள வச்சு இன்டர்நெட்ல ஃபேன் ஃபிக்ஷனா, அதாவது ரசிகர்கள் எழுதற கதையா, தொடர் மாதிரி எழுதினாங்க. அப்புறம் பேர்லாம் மாத்தி 2011ல ஆஸ்திரேலியாவுல ஒரு சின்ன பதிப்பகம் மூலமா இ-புக்கா வந்துச்சு, 2012ல ரேண்டம் ஹவுஸ்ங்கிற பெரிய பதிப்பகத்தோட வின்டேஜ் பிரிவு கைக்கு போனதும் பத்திக்கிச்சு. மூணு புக்கும் சேர்த்து 15 கோடி காப்பிக்கு மேல வித்திருக்கு. ரேண்டம் ஹவுஸ் அமெரிக்காவுல தன் ஸ்டாஃப் ஒவ்வொருத்தருக்கும் 5000 டாலர் போனஸ் குடுத்துச்சுன்னா பாத்துக்கோங்க. கிண்டில்ல படிச்சா பக்கத்துல உக்காந்திருக்கவங்களுக்கு அட்டை தெரியாதுங்கிறதும் இது பரவினதுக்கு ஒரு பெரிய காரணம். தொடரா வந்த கதைங்கிறது படிக்கும்போதே தெரியும், ஒவ்வொரு அத்தியாயமும் அடுத்தது என்னன்னு இழுத்துட்டு போகும், அதே நேரம் நேத்து படிச்சத இன்னிக்கு மறந்திருப்போம்னு நெனச்ச மாதிரி சொன்னதையே திரும்ப சொல்லும்.

கதை நமக்கு புதுசே இல்ல. அனஸ்டேசியா ஸ்டீல், 21 வயசு, காலேஜ் முடிக்கப் போறா. பேட்டி எடுக்க வேண்டிய ஃப்ரெண்டுக்கு உடம்பு சரியில்லைன்னு இவ சியாட்டில் போறா, 27 வயசு கோடீஸ்வரன் கிறிஸ்டியன் கிரேயோட ஆபீஸ் ரூம் வாசல்லயே தடுக்கி விழறா. அங்கயே எனக்கு எங்க அம்மாவும் சித்தியும் மாத்தி மாத்தி படிச்ச மாத நாவல்தான் ஞாபகம் வந்துச்சு. திமிர் புடிச்ச பணக்கார ஹீரோ, வெகுளி ஹீரோயின், அவனுக்குள்ள ஒரு பழைய காயம், அத இவ பாசத்தால ஆத்தறது. அந்த நாவல்கள்ல கதவு சாத்தினதும் அத்தியாயம் முடிஞ்சுடும், இங்க கதவு சாத்தினப்புறம்தான் ஆரம்பிக்குது, அவ்ளோதான் வித்தியாசம்.

அந்த வித்தியாசம் சின்னது இல்லங்க. இது வந்தப்போ அமெரிக்காவுல இத அம்மாக்களோட ஆபாசப் புக்குன்னு கேலி பண்ணாங்க, எனக்கு அது கோவமா வருது. ஒரு பொண்ணுக்கு என்ன பிடிக்குது, என்ன பயம், எங்க தயக்கம்னு அவ பக்கத்துலேந்தே நூத்துக்கணக்கான பக்கம் எழுதின கதை இவ்ளோ பேர் கைக்கு போனதே இல்ல. கல்யாணம் ஆகி பத்து பதினஞ்சு வருஷம் ஆன பொண்ணுங்க தனக்கு என்ன வேணும்னு புருஷன்கிட்ட வாய் திறக்க இது ஒரு சாக்கா இருந்துருக்கு. வாங்கின பொண்ணுங்க யாரும் முட்டாள் இல்ல.

கிறிஸ்டியனுக்கு படுக்கையில கட்டிப் போடறது, அடிக்கிறது, அதிகாரம் பண்றதுலதான் ஆர்வம், அதுக்குன்னே வீட்டுல ஒரு சிவப்பு ரூம் வச்சிருக்கான். அதுக்கு அவ சம்மதம் கேட்டு அவன் குடுக்கிற கான்ட்ராக்ட் பகுதிதான் எனக்கு ரொம்ப பிடிச்சது. என்னென்ன பண்ணலாம், எது கூடவே கூடாது, எந்த வார்த்தை சொன்னா உடனே நிறுத்தணும் எல்லாம் பேப்பர்ல போட்டு குடுக்கிறான். மஞ்சள்னு சொன்னா என் எல்லை கிட்ட வந்துட்டேன்னு அர்த்தம், சிவப்புன்னு சொன்னா அப்படியே நிறுத்தணும். போர்ட்லாண்ட் ஹோட்டல்ல தனி ரூம்ல டின்னர் வச்சு ரெண்டு பேரும் கம்பெனி டீல் பேசற மாதிரி ஒவ்வொரு ஷரத்தா பேசறாங்க. வாரத்துக்கு நாலு நாள் எக்சர்சைஸ்ங்கிறான், மூணுதான்னு இவ நிக்கறா. லிஸ்ட்ல இருக்கறததான் சாப்பிடணும்ங்கிற ஷரத்து வேணவே வேணாம்னு அடிச்சு விடறா. கடைசி வரைக்கும் கையெழுத்து போடவே மாட்டா. வெகுளின்னு நெனச்ச பொண்ணு அந்த டேபிள்ல அவ்ளோ தெளிவா பேசறா. அவங்க அனுப்பிக்கிற ஈமெயில்களும் அப்படித்தான், சப்ஜெக்ட் லைன்லயே ஒருத்தர ஒருத்தர் வாரிக்கிறது, அவன் கையெழுத்துக்கு கீழ பதவிய ஆளு மூடுக்கு ஏத்த மாதிரி மாத்தி மாத்தி போடறதுன்னு மொத்த சீரீஸ்லயே உயிரோட இருக்கற எழுத்து அதுதான்.

ஆனா சாப்பாட்டு ஷரத்த எடுத்தாச்சுல்ல, அதுக்கப்புறமும் மூணு புக் முழுக்க இவ தட்டப் பாத்து "சாப்பிடு சாப்பிடு"ன்னு அதட்டிட்டே இருப்பான். இங்கதான் எனக்கு இந்தக் கதை கசக்குது. அந்த சிவப்பு ரூமுக்குள்ள போறதுக்கு முன்னாடி எல்லாத்துக்கும் அவகிட்ட கேக்குறான், பேப்பர் இருக்கு, நிறுத்தற வார்த்தை இருக்கு. ரூமுக்கு வெளிய எதுக்குமே கேக்க மாட்டான். பார்ல குடிச்சுட்டு போன் பண்ணினவளோட போன ட்ராக் பண்ணி அங்கயே வந்து நிக்கறான். அவ ஆசையா வச்சிருந்த பழைய காரை வித்துட்டு புது ஆடி கார் வாங்கி நிறுத்தறான். கொஞ்சம் யோசிக்கணும்னு ஜார்ஜியாவுல அம்மா வீட்டுக்கு போனா அங்கயும் சொல்லாம கொள்ளாம வந்துடறான். அவ வேலைக்கு சேர்ந்த பப்ளிஷிங் கம்பெனியையே வாங்கிடறான். இதுக்கெல்லாம் நிறுத்தற வார்த்தை என்ன? இதையெல்லாம் கதை காதல்னு ரசிக்கச் சொல்லுது, அவளும் ரெண்டு பக்கம் கோவப்பட்டுட்டு உருகிடறா.

மூணாவது புக்ல ஹனிமூன்ல, பீச்ல எல்லாரும் இருக்கற மாதிரி இவளும் மேலாடை இல்லாம படுத்திருந்தான்னு இனிமே அப்படி இருக்க முடியாதபடி அவ மார்பு முழுக்க சிவப்பு அடையாளம் பண்ணி வைப்பான். அத அவ கண்ணாடியில பாக்குற இடத்துல புக்க மூடி வச்சுட்டு மறுநாள்தான் எடுத்தேன். அப்புறம் பேர். ஆபீஸ்ல ஸ்டீல்ங்கிற தன் பேர்லயே இருக்கணும்னு அவளுக்கு ஆச. கிரேங்கிற பேருக்கு அனுப்பின ஈமெயில் திரும்பி வந்துடுச்சுன்னு இவன் நேரா அவ ஆபீஸுக்கே வந்து நிக்கறான், கடைசியில அவதான் விட்டுக் குடுக்கறா. கல்யாணத்துக்கப்புறம் சர்டிஃபிகேட், பாஸ்போர்ட், பேங்க்னு ஒவ்வொண்ணுலயும் இதே பேச்ச கேட்டவ நான், எனக்கு அது ரொமான்ஸா தெரியவே இல்ல.

உண்மையிலயே பிடிஎஸ்எம், அதாவது ரெண்டு பேரும் சம்மதிச்சு கட்டிப் போடறது, அடங்கிப் போறதுன்னு இருக்கற வாழ்க்கை வாழறவங்க இந்த புக் மேல வச்ச குறையும் நியாயம்தான். சின்ன வயசுல பட்ட கொடுமையாலதான் அவன் இப்படி ஆயிட்டான், காதல் வந்தா சரியாயிடுவான்னு கதை சொல்லுது. விருப்பத்தோட, பேசி வச்சு வாழறவங்கள நோயாளி ஆக்கற வேல அது.

எழுத்து நடை பத்தி அதிகம் சொல்ல வேணாம், உதட்ட கடிக்கிறது, கண்ண உருட்டுறது, உள்ளுக்குள்ள ஒரு தேவதை டான்ஸ் ஆடறதுன்னு எண்ணி மாளாது. முதல் புக்க வச்சு எடுத்த படத்துக்கு இந்தியாவுல 2015ல சென்சார் போர்டு சர்டிஃபிகேட்டே குடுக்கல, நான் பின்னாடிதான் பாத்தேன். ஹீரோயினா நடிச்ச டகோட்டா ஜான்சன் அந்த அனஸ்டேசியாவ புக்க விட புத்திசாலியா காட்டியிருக்காங்க, அவங்களுக்காக பாக்கலாம்.

முதல் புக்கோட முடிவ மட்டும் யாரும் குறை சொல்ல முடியாது. எவ்ளோ மோசமா போகும்னு காட்டுன்னு அவளே கேக்கறா, அவன் பெல்ட்டால ஆறு அடி அடிக்கிறான், ஒவ்வொண்ணையும் அவள எண்ண வைக்கிறான். ஆறு முடிஞ்சதும் எழுந்து, இது எனக்கு ஆகாதுன்னு சொல்லிட்டு, அவன் வாங்கிக் குடுத்த லேப்டாப், போன், கார் சாவி எல்லாத்தையும் அங்கயே வச்சுட்டு கிளம்பிடறா. அவ்ளோ காதல் இருந்தும் போறா. அங்க நான் அழுதேன். ரெண்டாவது புக்ல ஒரு வாரத்துக்குள்ள திரும்ப சேர்ந்துடறாங்க, அதுக்கப்புறம் பழைய காதலி துப்பாக்கியோட வர்றது, ஹெலிகாப்டர் விழறது, கடத்தல்னு சீரியல் மாதிரி ஓடுது. அதே கதைய அவன் பக்கத்துலேந்து எழுதின "கிரே"ங்கிற புக் ஒண்ணு 2015ல வந்துச்சு, அது தேவையே இல்ல.

அதனால முதல் புக் மட்டும் படிங்க, 18க்கு மேல இருந்தா. அந்தப் பொண்ணுக்கு காப்பிய திருப்பி குடுக்கும்போது கான்ட்ராக்ட் பேசற அத்தியாயத்துல ஒரு பேப்பர மடிச்சு வச்சுதான் குடுத்தேன். அவளுக்கு தை மாசம் கல்யாணம்.